இருபத்தெட்டு ஆள்நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு குற்றாலத்தில் சீசன் ஜூன் முதல் தேதி காலை பத்து மணிக்குத் தொடங்கும் என்று அருவிக்கரை வசதி இலாகா தீர்மானித்தது. அதுவரை அந்த வேலையைத் தென்மேற்குப் பருவக்காற்று தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் மே கடைசியில் வரும், ஒரு வருஷம் ஜூன் பத்துக்கு மேல் வரும், கேட்பாரில்லை. திட்டம் போட்டு நாடு முன்னேறுகிற காலத்தில் இப்படி ஓர் ஒழுங்கீனத்தை அனுமதிக்க முடியாது என்று சென்னையில் கூடிய கூட்டத்தில் பதினாறு பேர் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள். தீர்மானத்தின் நகல் பருவக்காற்றுக்கு அனுப்பப்பட்டதா என்பது மட்டும் கோப்பில் தெளிவாக இல்லை.

அன்றைய தினம் அருவிக்குப் போகும் பாதையில் பெண்கள் உடைமாற்றும் கூடம் ஒன்றை மந்திரி திறந்துவைப்பதாக ஏற்பாடு. அந்தக் கூடத்தின் சரித்திரம் சுருக்கமானது. குளித்துவிட்டு ஈரச்சேலையோடு பெண்கள் பாறை மறைவு தேடி அலைகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் மனு எழுதிப் போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மனுவைப் படித்துப் பார்க்க ஒரு வருஷம். ‘பெண்கள்’ என்றால் எந்த வயதிலிருந்து என்று விளக்கம் கேட்டுத் திருப்பியனுப்ப ஒரு வருஷம். வரைபடத்துக்கு ஒன்றரை வருஷம். சிமிட்டி பர்மிட்டுக்கு ஒன்றேகால் வருஷம். சுவர் எழும்ப மூன்று மாதம். இப்படி எல்லோரும் அவரவருக்கு வேண்டிய நாளைத் தாராளமாக எடுத்துக்கொண்ட பிறகு, மேலே கான்கிரீட் தளம் போட்டு முடிக்க மிச்சம் இருந்தது பன்னிரண்டு நாள்.

தளத்தைப் போட்டவர் ஓவர்சியர் வல்லிநாயகம். தென்காசிக்காரர். வேலை தெரிந்தவர், அதனால் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஓவர்சியராகவே இருந்தார். வருஷா வருஷம் மார்ச்சு முப்பத்தொன்றில் அவரை வேலையிலிருந்து நீக்கி, ஏப்ரல் இரண்டாம் தேதி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நடுவிலுள்ள ஏப்ரல் முதல் தேதியன்று அவர் என்ன ஆளாக இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. இந்த வருஷம் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயர் பால்வண்ணநாதன் டெல்லியில் ஆறு வாரம் நிர்வாகப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பும்போது கலர் பட்டைகள் ஒட்டிய ஓர் அட்டவணையும் ‘ஆள்நாள்’ என்ற ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார். அந்த வருஷம் ஆபீசுகளில் அட்டவணை மாட்டுவதுதான் நாகரிகம். அட்டவணை இல்லாத சுவரைப் பார்த்தால் மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். வேலை நடக்கிறதா என்று எட்டிப் பார்க்க வெயிலில் போகவேண்டிய அவசியம் இல்லாமல், மின்விசிறிக்கு அடியிலிருந்தே அதைப் பார்த்துத் திருப்திப்படலாம் என்பது அதிலுள்ள வசதி.

ஆனாலும் மந்திரி சமாசாரமாயிற்றே. தளம் போட்ட மறுநாள், மே இருபத்தொன்று, பால்வண்ணநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். தளத்தின்மேல் மண்ணால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, ஆவுடைத்தாய் என்ற சித்தாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். கீழே நாற்பது சவுக்கு முட்டுகள் தளத்தைத் தாங்கி நின்றன.

“இந்த முட்ட எல்லாம் என்னைக்குவே பிரிக்கீரு?” என்றார் பால்வண்ணநாதன்.

“இருபத்தெட்டு நாள் தண்ணி கட்டணும் சார். அதுக்குப் பெறவுதான் தளத்துக்கு முழு வலு வரும். பெறவு பிரிச்சிரலாம்.”

“எத்தனை பேர் தண்ணி ஊத்துதாங்க?”

“இந்த ஆவுடைத்தாய் ஒருத்தி போதும் சார்.”

பால்வண்ணநாதன் சிரித்தார். டெல்லியில் கற்றுக்கொண்டுவந்த சிரிப்பு. “ஒரு ஆள், இருபத்தெட்டு நாள். ஆக இருபத்தெட்டு ஆள்நாள் வேலை. நாலு ஆளைப் போடும். ஏழு நாள்ல முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி முழிச்சிக்கிட்டு நிக்கீரே!”

வல்லிநாயகத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவசரமாகக் குறுக்கிட்டார். “சார், அது தண்ணி ஊத்துத வேலைக்குக் கணக்கில்ல. தண்ணியக் குடிச்சிக்கிட்டுச் சிமிட்டி தானா இறுகணும். அது எடுத்துக்கிடுத நாளு சார்.”

“சிமிட்டிக்கு நாள் கொடுக்க இலாகாவுக்கு அதிகாரம் கிடையாது. ஜூன் முதல் தேதின்னு உத்தரவு.”

கொத்தனார் சேக் தாவூது கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “சிமிட்டி டெல்லிக்குப் போயிட்டு வரலைல்லா சார். அதுக்கு இந்த வெவரமெல்லாம் தெரியாது.” பால்வண்ணநாதன் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

ஆவுடைத்தாய்க்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் ஐயா, கோழி இருபத்தொரு நாளு அடை கெடக்குது. மூணு கோழியப் புடிச்சி அந்த முட்டை மேலயே உக்காத்தி வச்சா ஏழு நாள்ல குஞ்சு பொரிச்சிருமா?”

பால்வண்ணநாதன் கோபப்படவில்லை. உண்மையான ஆர்வத்தோடு திரும்பினார். “யாராவது வச்சுப் பாத்திருக்காங்களா?”

“இல்லைய்யா.”

“வச்சுப் பாக்காமலே முடியாதுன்னு சொல்லுதே. நாடு பின்தங்கிக் கிடக்கிறதுக்கு இந்த மனப்பான்மைதான் காரணம்.” சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து, ‘மூன்று கோழி, கோழிப் பண்ணைக்கு எழுதிக் கேட்க’ என்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் நாலு பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி ஊற்றி நிறைந்த பாத்தியில் மற்ற மூவரும் ஊற்றினார்கள். அது வழிந்து நாலு சுவரையும் கழுவிக்கொண்டு ஓடியது. ஆபீஸ் அட்டவணையில் பச்சைப் பட்டை நாலு அங்குலம் முன்னேறியது. அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து தந்தி வந்தது. மந்திரிக்கு மே இருபத்து நாலாம் தேதி செங்கோட்டையில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அந்த வழியில் கூடத்தையும் திறந்துவைத்துவிடுவார்.

பால்வண்ணநாதன் கலங்கவில்லை. பயிற்சி எதற்கு இருக்கிறது? பேனாவை எடுத்தார். தளம் போட்ட மறுநாள் ஒரு ஆள்நாள். இன்று நாலு. ஆக ஐந்து ஆயிற்று. மீதி இருபத்து மூன்று. நாளைக்கு ஒரே நாள். இருபத்து மூன்று பெண்களைத் தருவிக்கும்படி உத்தரவு பிறந்தது.

“இருவத்து மூணு பேரு இன்னும் இறுகாத பச்சைத் தளத்து மேல ஏறி நின்னா தளம் தாங்காது சார்” என்றார் வல்லிநாயகம்.

“ஏறித்தான் ஊத்தணும்னு விதி இருக்கா? கீழ நின்னு வீசச் சொல்லும்.”

அப்படியே நடந்தது. இருபத்து மூன்று பெண்கள் கட்டிடத்தைச் சுற்றி நின்றுகொண்டு, வாய்க்காலில் மொண்டு மொண்டு தளத்தின்மேல் விசிறினார்கள். விசிறிய தண்ணீரில் பாதி தளத்துக்குப் போயிற்று, பாதி எதிர்ப்பக்கம் நின்றவள் தலையில் விழுந்தது. நிறைந்த தளத்திலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் சரம்சரமாகக் கொட்டியது. பேரருவியில் அப்போது ஆட்டுக்குட்டி நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுக் குடும்பம் ஒன்று சீசன் ஆரம்பித்துவிட்டதென்று யாரோ சொன்னதைக் கேட்டு வண்டி கட்டி வந்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எங்கே குளிப்பது என்று தெரியாமல் மினுமினுத்துக்கொண்டு நின்றது. கூடத்தைப் பார்த்ததும் குடும்பத்தலைவர் முகம் மலர்ந்தது.

“ஏ தாயி, இது எந்த அருவி? நாங்க வந்தப்பல்லாம் இங்கன இப்படி ஒண்ணு இல்லையே?”

“இது சர்க்கார் அருவி. ஆள்நாள் அருவின்னு பேரு. நேத்துதான் தொறந்தாவ” என்றாள் ஆவுடைத்தாய். குடும்பத்தார் ஒன்பது பேரும் வரிசையாக நின்று ஆனந்தமாகக் குளித்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இருபது பேர் வந்தார்கள். ‘பொதுமக்களிடையே கட்டிடத்துக்கு நல்ல வரவேற்பு’ என்று பால்வண்ணநாதன் சென்னைக்கு எழுதினார்.

சாயங்காலம் ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு தாளை விரித்துவைத்து வல்லிநாயகத்தைக் கூப்பிட்டார். ‘மேற்படி தளம் இருபத்தெட்டு ஆள்நாள் நீர் பெற்று, மூன்றே நாளில் முழு வலு அடைந்துவிட்டதென இதனால் சான்றளிக்கிறேன்’ என்று டைப் அடித்திருந்தது. அடியில் நிரந்தரப் பட்டியல் இருந்தது.

“நீர் இதில போடும். நான் அதில போடுதேன்.”

வல்லிநாயகம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முட்டுகளைப் பிரித்தால் தளம் நாளைக்கே இடிந்து உட்காரலாம், ஒரு வாரம் கழித்தும் உட்காரலாம். அடியில் நிற்கப்போகிறவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வருகிற பெண்கள். அப்போது சேக் தாவூது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “கையெழுத்துத்தான கேக்காரு? முட்டுக்கம்பையா கேக்காரு? போட்டுட்டு வாங்க ஐயா. மிச்சத்த வாழைமரம் பாத்துக்கிடும்.”

வல்லிநாயகத்துக்குப் பளிச்சென்று புரிந்தது. பொய்தான், ஆனால் யார் தலையிலும் விழாத பொய். கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷத் தற்காலிகம் அந்த நிமிஷம் தீர்ந்தது.

மறுநாள் காலையில் நாற்பது முட்டுகளும் முட்டுக்கொரு வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு, குருத்தோலையும் கலர்க் காகிதமும் சுற்றிக்கொண்டு நின்றன. ஒரு மந்திரிக்கு இரண்டு வாழைமரம் கட்டுவது வழக்கம். நாற்பது மரத்தைக் கண்ட மந்திரி நெகிழ்ந்துபோனார். தோளை ஒருக்களித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்து, “இவ்வளவு அன்பை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை” என்று பேசினார். பால்வண்ணநாதன் வல்லிநாயகத்தின் காதில், “இதென்னவே இத்தனை?” என்றார். “மங்களம் சார்” என்றார் வல்லிநாயகம். திறப்பு விழா முடிந்த கட்டிடத்தை இலாகா பிறகு எட்டிப் பார்ப்பதில்லை. வாழைமரம் வாடி உதிர்ந்த பின்னும் முட்டுகள் ஜூன் பாதிவரை நின்றன. பெண்கள் அவற்றைச் சேலை போடும் கம்பு என்று நினைத்துச் சந்தோஷமாகப் பயன்படுத்தினார்கள். இருபத்தெட்டு நாள் நிறைந்து சேக் தாவூது அவற்றைக் கழற்றியபோது, “இருந்த கம்பையும் புடுங்கிட்டுப் போறானுவ, நாசமாப் போவ” என்று வைதார்கள். வல்லிநாயகம் அந்த வசவைத் திருநீறு மாதிரி வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

ஜூலையில் சுற்றறிக்கை வந்தது. குற்றாலத்தில் ஓவர்சியர் திரு வல்லிநாயகம் அவர்களின் சான்றினால் ஐயமற நிரூபிக்கப்பட்ட முறைப்படி, இனி எல்லாத் தளங்களையும் மூன்று நாளில் முடிக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் கேட்கும் ஓவர்சியர்களிடம் விளக்கம் கோரப்படும். பால்வண்ணநாதனுக்குப் பதவி உயர்வு. வல்லிநாயகத்துக்கு ‘விசேஷ ஓவர்சியர் (வேகம்)’ என்ற பட்டம். முதல் வேலையாகச் சேக் தாவூதோடு அவரை இலத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தளம் போட அனுப்பினார்கள்.

யார் தலையிலும் விழாது என்று அவர் நினைத்த பொய் மாகாணம் முழுவதும் கூரையாகப் பரவிக்கொண்டிருந்தது. இலத்தூரில் தளம் போட்டு முடித்த மறுநாள் காலையில் ஊர்க்காரர்களைக் கூட்டி, “இருபத்தெட்டு நாளு பிள்ளைகளை உள்ள விடாதீங்க” என்று தானாகவே சொன்னார். கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்.

பஞ்சாயத்துத் தலைவர் நல்லக்கண்ணு துண்டை உதறினார். “நல்லாருக்குவே! மந்திரிக்குன்னா மூணு நாளு, எங்க பிள்ளைகளுக்குன்னா இருவத்தெட்டு நாளா? சாரல்ல அதுக புளியமரத்தடியில உக்காந்து இருமுதது உம்ம கண்ணுக்குத் தெரியலையா?”

குழந்தைகள் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தலைமை ஆசிரியை ஜெபமலர் சுற்றறிக்கையை முழுவதும் படித்திருந்தார். கணக்கு டீச்சரும் அவரே. சிலேட்டில் போட்டுக் காட்டினார். “இருபத்தெட்டு ஆள்நாள். நாளுக்கு எட்டு மணி நேரம். ஆக இருநூற்று இருபத்து நாலு மணி. ஊரில் குடம் தூக்கக்கூடியவர்கள் முந்நூறு பேர். எல்லோரும் சேர்ந்தால் முக்கால் மணி நேரம்தான் சார் ஆகும்.”

முந்நூறு பேரும் குடத்தோடு வந்தார்கள். கிணறு இரண்டு வற்றியது. பத்தேகாலுக்கு ஆரம்பித்து, பதினொரு மணிக்கு ஜெபமலர் பள்ளிக்கூட மணியை அடித்தார். “முக்கால் மணி ஆச்சு. முட்டப் பிரிங்க” என்றார் நல்லக்கண்ணு.

வல்லிநாயகம் கத்திவிட்டார். “ஐயா, நான் போட்ட கையெழுத்து பொய்! குத்தாலத்துல வாழைமரத்துக்குள்ள முட்டு நின்னுச்சி. இருவத்தெட்டு நாளும் நின்னுச்சி. இந்தக் கொத்தனாரக் கேளுங்க!”

“ஆமா, நாந்தான் கெட்டுனேன்” என்றார் சேக் தாவூது.

கூட்டம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தது. பிறகு நல்லக்கண்ணு பொறுமையாக விளக்கினார்: “சர்க்கார் முத்திர போட்டு அச்சடிச்சிக் கொடுத்தது பொய்யாம், இவரு வாயால சொல்லுததுதான் நெசமாம். எந்த ஊருலவே இப்படி நடக்கும்? எங்க ஊருக்குச் செய்ய மனசில்லைன்னு சொல்லும்வே.” இரண்டு பேர் சம்மட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

வல்லிநாயகத்துக்கு வேறு வழி தோன்றவில்லை. பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, தளத்துக்கு நட்ட நடுவில் முட்டுகளுக்கு இடையே போட்டு உட்கார்ந்துவிட்டார். “நான் நிரந்தர உத்தியோகஸ்தன். நான் உக்காந்திருக்கும்போது ஒரு முட்டத் தொட்டாலும் சர்க்கார் ஊழியனக் கொல்லப் பாத்தீங்கன்னு கேஸு!”

சம்மட்டிக்காரர்கள் நின்றார்கள். கூரை விழாது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் கேஸு என்றால் யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

இருபத்தேழு நாள் அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்கும் மற்ற அவசரத்துக்கும் போகும்போது சேக் தாவூது உட்கார்ந்தார். ஊர் எழுதிய மனுவைப் பார்த்து இலாகா விசாரித்தது. வேலை செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தடுக்க விதிகளில் எங்கே இடமிருக்கிறது என்று மூன்று குமாஸ்தாக்கள் தேடினார்கள். அப்படி ஒரு விதி இருந்தால் தங்கள் கதி என்ன என்று யோசித்துப் பார்த்துவிட்டுத் தேடுவதை நிறுத்தினார்கள்.

இருபத்தெட்டாம் நாள் வல்லிநாயகமே ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்தார். தளம் அசையவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகள் தும்மிக்கொண்டும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டும் உள்ளே ஓடினார்கள். அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே, தபால்காரர் நீட்டிய உத்தரவை வாங்கிப் படித்தார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்ட வேலையை நாற்காலி போட்டு இருபத்தேழு நாள் தாமதப்படுத்தியதற்காக அவருடைய நிரந்தரம் ரத்து செய்யப்படுகிறது. அன்று முதல் அவர் மறுபடியும் தற்காலிகம்.

ஊர்க்காரர்கள் தளத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டார்கள். “இந்தா பாத்தியளா, இத்தனை நாளா நிக்கி! முக்கா மணி நேரத்துல நம்ம கட்டுனது” என்றார் நல்லக்கண்ணு. ஜெபமலர் அதையே சுவரில் கல்வெட்டாகப் பதிக்க ஏற்பாடு செய்தார். ஓவர்சியருக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் இலத்தூர்க்காரர்கள் குளத்து மதகை எடுத்துக் கட்டித் தரும்படி மனுக் கொடுத்தார்கள். இந்தமுறை மழைக்கு முன்னால், ஒரே நாளில் முடித்துத் தரக்கூடிய நல்ல ஓவர்சியராகப் பார்த்து அனுப்பவேண்டும் என்று அடியில் தனியாகக் கோடிட்டு எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் இலாகாவில் நிறையப் பேர் இருந்தார்கள். உடனே ஒருவரை அனுப்பிவைத்தார்கள்.